வளையத்தில் படாத பந்து

வெள்ளிமலைக்கு ஏறிய ஜீப்பின் ஓட்டுநர், ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவு முடிந்ததும் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். சாமி படமாக இருக்கும் என்று நினைத்தேன்.

என் மடியில், நான் சேகரித்த வெளிநாட்டுக் கூடைப்பந்து வீரர்களின் படம் போட்ட பழைய கார்டுகள் அடுக்கிய ஆல்பம். அதைப் பார்த்ததும் வண்டியை ஓரங்கட்டினார். கையைப் பேண்ட்டில் துடைத்துக்கொண்டு, சட்டைப்பையிலிருந்து ஒரு கார்டை எடுத்தார். மாவட்டக் கூடைப்பந்துப் போட்டியில் ஆடியவர்களுக்குக் கொடுத்த அடையாள அட்டை. ரப்பர் முத்திரைக்குக் கீழே, நெற்றியில் தழும்போடு ஓர் இளம்பெண்.

"இவங்க தூக்கிப் போட்டா பந்து வளையத்துல படவே படாது சார். நேரா உள்ளதான். கள்ளக்குறிச்சியே எழுந்து நின்னு பாத்துக்கினு இருக்கும்."

இப்படியொரு கார்டு வேறு யாரிடமும் இருக்காது. ஆசையில், "என்னோடதுல மூணு எடுத்துக்குங்க, இத எனக்குக் குடுங்க" என்றேன்.

"ஒங்க கார்டுல இருக்கறவங்க ஆடுனத நேர்ல பாத்துருக்கீங்களா சார்?"

"இல்ல."

"நான் பாத்துருக்கேன்" என்று கார்டை உள்ளே வைத்துவிட்டார்.

வெள்ளிமலையில் அவருடைய மனைவி காத்திருந்தார். நரைத்த தலை, நெற்றியில் அதே தழும்பு. நின்ற இடத்திலிருந்தே சிறிய சாமை மூட்டையை ஜீப்பின் மேல் கேரியருக்கு வீசினார். அது கேரியரின் கம்பியில் படவே இல்லை; நேராக உள்ளே விழுந்தது.

ஓட்டுநர் மூட்டையைப் பார்க்கவில்லை. என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.