காலியாகத் தொங்கிய கயிறு

இன்று மாட்டுப்பட்டி அணையில் பாய்மரப் படகில் போனேன். சுக்கானைப் படகில் மாட்டும் இரும்பு ‘பின்’, ஸ்பேனர், தண்ணீர் இறைக்கும் மக் என எல்லாவற்றையும் நைலான் கயிற்றால் படகோடு கட்டி வைத்திருந்தார் படகோட்டி. என் கண்ணாடிக்கும் கழுத்தைச் சுற்றி ஒரு கயிறு கட்டிவிட்டார்.

ஒரு கயிறு மட்டும் காலியாகத் தொங்கியது. அதன் நுனியில் மணிக்கட்டு நுழையும் அளவுக்கு ஒரு சுருக்கு.

“இது எதுக்குண்ணே?”

“அது எந்தம்பிக்கு. சுக்கான் பின்னு தண்ணில விழுந்துருச்சுன்னு பின்னாடியே குதிச்சான். மேல வரல. அப்பல்லாம் நாங்க எதையும் கட்ட மாட்டோம்.”

கரை வரும்வரை படகு சாயும்போதெல்லாம் அந்தச் சுருக்கு தண்ணீரைத் தொட்டுத் தொட்டு வந்தது.

வீட்டில், கண்ணாடிக் கயிற்றோடுதான் இதை எழுதுகிறேன். சிரிப்பவர்கள் சிரிக்கலாம். அவிழ்க்கச் சொல்லி மட்டும் யாரும் வராதீர்கள்.