எடைக்குப் போட முடியாதவை

எனக்கு ஒரு கெடுதலும் செய்யாத, சொல்லப்போனால் நல்லது மட்டுமே செய்த ஒரு மனிதர்மீது எனக்கு ஏன் இவ்வளவு வன்மம்? பிரசவ வலி எடுத்த அன்று கொட்டும் மழையில் காரை ஓட்டிக்கொண்டுபோய் என்னை நாமக்கல் ஆஸ்பத்திரியில் சேர்த்தவர் அவர். என் மகளுக்குக் காய்ச்சல் என்றால் எங்களுக்கு முன்னால் எழுந்து செருப்பைத் தேடுபவர். என் கணவரின் அண்ணன். பெரிய மாமா என்று அழைக்கிறேன். அவர் இப்போது சாப்பிட முடியாமல் தட்டைத் தள்ளி வைக்கிறார். அப்போது எனக்குள் ஏதோ ஒன்று நிம்மதியாகக் காலை நீட்டி உட்காருகிறது. எழுதும்போது கை கூசுகிறது. ஆனாலும் அது உண்மை.

இதற்குக் காரணம் ஒரு முட்டை அட்டை. எங்களுடையது மல்லசமுத்திரத்திலிருந்து உள்ளே தள்ளி இருக்கும் கோழிப்பண்ணை. முட்டை அடுக்கும் அந்தச் சாம்பல் நிற அட்டைகளைப் பார்க்காதவர்கள் இந்தப் பக்கத்தில் இருக்க மாட்டார்கள். பழைய பேப்பரை ஊறவைத்து, கூழாக்கி, அச்சில் ஊற்றிக் காயவைத்துச் செய்வது. கல்யாணமான புதிதில் நானும் என் கணவரின் அக்காவும் முட்டை அறையில் சேர்ந்து உட்கார்ந்து முட்டை அடுக்குவோம். கணவரின் அக்காவை எங்கள் பக்கத்தில் நங்கை என்போம். நங்கை ஒவ்வொரு காலி அட்டையையும் எடுத்து, ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்து, ஒரு நிமிடம் பார்த்துவிட்டுத்தான் முட்டையை வைப்பார். ஈரம் இருக்கிறதா என்று பார்க்கிறார் என்று நினைத்தேன். ஒருநாள் கேட்டேவிட்டேன். அவர் அட்டையின் ஒரு குழியில் விரலை வைத்துக் காட்டினார். கூழில் கரையாமல் தப்பித்த ஒரு துணுக்குக் காகிதம். அதில் ‘ழ’ என்ற எழுத்தின் பாதி.

“யாரு ஊட்டுக் காயிதமோ,” என்றார். அடுத்த அட்டையை எடுத்துக்கொண்டே, “என்ற காயிதமாவும் இருக்கலாம்,” என்றார்.

மீதிக் கதையைப் பெரிய மாமாவின் மனைவி, நான் அக்கா என்று அழைப்பவர், பிறகு சொன்னார். நங்கைக்கு ஜாதகத்தில் தோஷம் என்று வரன்கள் தட்டிப் போய்க்கொண்டே இருந்திருக்கின்றன. ஒரு வயதுக்குமேல் யாரும் பார்க்கவும் இல்லை. அவர் மாடி அறைக்குப் போய்விட்டார். தமிழில் பட்டம் வாங்கியவர். பழைய செய்யுள் நூல்களை, உரையோடும் உரையில்லாமலும், பழைய புத்தகக் கடைகளில் தேடித் தேடி வாங்கிச் சேர்த்தவர். சேலத்துக்குப் பல் டாக்டரைப் பார்க்கப் போனாலும் கையில் ஒரு புத்தகத்தோடுதான் திரும்புவாராம். விடியற்காலையில் தீவனம் போட்டுவிட்டு வந்து, மாடியில் வாய்விட்டுப் படிப்பார். சுவரைத் தாண்டிக் கேட்கும் என்று அக்கா சொன்னார். படிக்காத அக்காவுக்கே சில அடிகள் மனப்பாடம் ஆகியிருந்தன.

எங்கள் கல்யாணம் நிச்சயமானபோது புதுப்பெண்ணுக்கு ஓர் அறை வேண்டியிருந்தது. மாடி அறைதான் காற்றோட்டமானது. எனக்குக் கூறைப்புடவை எடுக்க நங்கையைச் சேலத்துக்கு அனுப்பினார்கள். நல்ல நிறம் பார்த்து எடுக்கத் தெரிந்தவர் அவர்தானே. அன்று பண்ணைக்கு முட்டை அட்டை இறக்க ஒரு டெம்போ வந்தது. திரும்பிப் போகும்போது காலியாகப் போக வேண்டாம் என்று பெரிய மாமா அந்தப் புத்தகங்கள் அத்தனையையும் ஏற்றி, எடைக்குப் போட அட்டை மில்லுக்கே அனுப்பிவிட்டார். அவரைப் பொறுத்தவரை அது காரியத்தில் கெட்டிக்காரத்தனம். கரையான் அரித்த காகிதத்தைப் புதுப்பெண் வருகிற வீட்டில் யாராவது வைத்திருப்பார்களா என்று கேட்டாராம். சாயங்காலம் நங்கை திரும்பி வந்து, மாடிக்குப் போய், இறங்கி வந்து, முகம் கழுவி, எனக்கு எடுத்த புடவையை எல்லோருக்கும் பிரித்துக் காட்டினாராம்.

அந்த அறையில்தான் நான் இன்றும் படுக்கிறேன். சுவரில் அலமாரி இருந்த இடம் மட்டும் சற்று வெளுப்பாக இருக்கிறது. சுண்ணாம்பு அடித்தும் போகவில்லை.

அதன்பிறகு நங்கை பிடித்த பொழுதுபோக்குகளைப் பார்த்து ஊரே சிரித்தது. நானும் முதலில் சிரித்திருக்கிறேன். நாற்பது வயதுக்குமேல் பண்ணைக் கிணற்றில் நீச்சல் கற்றுக்கொண்டார். சுடிதாரோடு பம்ப்செட் மேட்டிலிருந்து குதிப்பார். பிறகு நட்சத்திரங்கள். ஊர் அடங்கியதும் மொட்டை மாடியில் பாயைப் போட்டுப் படுத்து, ஒவ்வொன்றின் பெயரையும் சொல்லி எனக்குக் காட்டுவார். பிறகு போனில் முகம் தெரியாத யார் யாரோடோ செஸ். பறவைகளைப் போல் சீழ்க்கை அடிக்கப் பழகினார். செம்போத்து இவருக்குப் பதில் சொல்லும் அளவுக்கு. செய்யுள்களை மட்டும் விடவில்லை. புத்தகம் இல்லாததால் நினைவில் இருந்ததை முட்டை அடுக்கும்போது சொல்லிக்கொண்டே இருப்பார். இடையில் ஓர் அடி மறந்துவிட்டால் கை அப்படியே நிற்கும். கையில் இருக்கும் முட்டை குழிக்குப் போய்ச் சேர நேரமாகும்.

இவருக்கு எதிலும் நிலைத்த புத்தி இல்லை என்று பெரிய மாமா சொல்வார். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். ரொம்ப நாள் கழித்து, துணி மடித்துக்கொண்டிருந்த ஒரு மதியம்தான் எனக்குச் சட்டென்று உறைத்தது. நீச்சல், நட்சத்திரம், சீழ்க்கை, மனப்பாடம். இதில் எதையும் டெம்போவில் ஏற்ற முடியாது. யாரும் எடைக்குப் போட முடியாததாகப் பார்த்துப் பார்த்துத்தான் அவர் பொழுதுபோக்கைத் தேர்ந்தெடுத்திருக்கிறார். அன்றைக்குத்தான் என் சிரிப்பு நின்றது. என் வன்மம் அன்றைக்குத்தான் தொடங்கியதோ என்னவோ. நானாக அதிகமாகக் கற்பனை செய்துகொள்கிறேனோ என்றும் சில சமயம் தோன்றும். நங்கையிடம் கேட்கும் தைரியம் மட்டும் வரவில்லை.

கொரியச் சமையல் வந்தது அதற்குப் பிறகு. மகள் பிறந்து நான் தூக்கம் கெட்டுக் கிடந்த மாதங்களில், எனக்குத் துணையாக உட்கார்ந்து போனில் கொரியன் சீரியல் பார்க்க ஆரம்பித்தார். கதையைவிட அதில் வரும் சாப்பாட்டைத்தான் பார்ப்பார். யாராவது ஒரு கிண்ணத்தைத் திறந்தால் போனை நிறுத்தி, பெரிதாக்கி, உள்ளே என்ன என்று பார்ப்பார். பிறகு சமையலறையில் இறங்கினார். அந்த ஊர் நீளக் கோசுக்கு நம் முட்டைக்கோசும் முள்ளங்கியும். மீன் சாறுக்குப் பதில் வறுத்துப் பொடித்த சென்னாக்குன்னி, அந்தப் பொடி இறால் கருவாடு. அரிசிக் கஞ்சியில் மிளகாய்த்தூளும் பூண்டும் இஞ்சியும் அரைத்துக் குழைத்து, ஊறுகாய் ஜாடியில் அமுக்கி, புளிக்க விடுவார். கிம்ச்சி என்று அதற்குப் பெயர். என் அப்பா பரமத்தி வேலூரில் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருக்கிறார். அங்கிருந்து வரும் இளம் வெற்றிலையில் சோறும் எள்ளெண்ணெயில் வதக்கிய கறித்துண்டும் கொஞ்சம் அந்தக் கிம்ச்சியும் வைத்து மடித்து என் வாயில் திணிப்பார். கொரியாவில் அதற்கு வேறு ஏதோ ஓர் இலையாம். வெற்றிலையின் காரம் அதைவிட மேல் என்று, அந்த இலையைக் கண்ணால்கூடப் பார்க்காமலே தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

ஜாடியை அவர் வைத்த இடம் பெரிய மாமாவின் அறை ஜன்னலுக்கு நேர் கீழே. வேண்டுமென்றே என்று நான் சொல்ல மாட்டேன். நிழலான இடம் அது ஒன்றுதான் என்றும் சொல்ல மாட்டேன். நாற்றம் தாங்கவில்லை என்று பெரிய மாமா வாசலில் நின்று சத்தம் போட்டார். ஒன்று அந்த ஜாடி வீட்டில் இருக்க வேண்டும், இல்லை தான் இருக்க வேண்டும் என்றார். நங்கை என் பக்கம் திரும்பி, அவருக்குக் கேட்கும்படி மெதுவாகச் சொன்னார்: “கோழிப் பீ நாத்தத்துல பொறந்து வளந்தவருக்கு முள்ளங்கி நாறுதாம் சாமி.”

ஜாடி கோழிக் கொட்டகைக்குப் போனது. அங்கும் புளித்தது.

எங்கள் முட்டை லாரி மெட்ராஸ் பக்கம் போகும். அதன் டிரைவர்தான் ஒருநாள் அந்தச் செய்தியோடு வந்தார். ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் கொரியாக்காரர்கள் தங்கும் ஒரு விடுதியில் தான் முட்டை இறக்குவதாகவும், அங்கே சமையலுக்கு ஆள் தேடுவதாகவும் சும்மா பேச்சுவாக்கில் சொன்னார். நங்கை ஒரு டப்பாவில் கிம்ச்சியைப் போட்டு அவரிடமே கொடுத்து அனுப்பினார். அடுத்த நடையில் டப்பா காலியாக வந்தது. அதற்கடுத்த நடையில் நங்கையை வரச் சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

புறப்படும் அன்று பெரிய மாமா கேட்டார்: “சமையக்காரியாப் போறதுக்கா இத்தன படிப்பு?”

“எடைக்குப் போடற படிப்புக்கு இது பரவால்லீங்கண்ணா,” என்றார் நங்கை. இத்தனை வருடங்களில் அந்தப் புத்தகங்களைப் பற்றி அவர் தன் அண்ணனிடம் பேசியது அந்த ஒரு வரிதான். பெரிய மாமாவுக்கு அது புரிந்ததா என்றுகூடத் தெரியவில்லை. முட்டை எண்ணிக்கையைச் சரிபார்க்கப் போய்விட்டார்.

லாரி கிளம்புவதற்குமுன் நங்கை என்னைக் கொட்டகைக்குக் கூட்டிப்போய், அந்த ஜாடியை என் கையில் கொடுத்தார். செய்முறையை எனக்கு முன்பே பழக்கியிருந்தார்.

“எனக்கு ஒரே ஒரு வார்த்த குடு சாமி. இத எங்கண்ணன் வாயில மட்டும் வெக்காத. நாய் கேட்டா நாய்க்கு வெய்யி. அவருக்கு வேணாம்.”

சரிங்க என்றேன். தயங்கவே இல்லை. சந்தோஷமாகச் சொன்னேன்.

இப்போதைய நிலைமையைச் சொல்கிறேன். பெரிய மாமாவுக்கு ஒரு காய்ச்சல் வந்து நீண்ட நாள் இழுத்தது. காய்ச்சல் போயிற்று, நாக்கு மரத்துப்போயிற்று. எதை வைத்தாலும் மண் மாதிரி இருக்கிறது என்கிறார். ரசம், கறிக்குழம்பு, பழையது எல்லாம் பார்த்தாகிவிட்டது. சட்டை தோளில் தொங்குகிறது. அவருக்கு எது இறங்குகிறதோ அதைக் கொடுங்கள், இப்படியே போனால் உடம்பு தாங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அக்கா பூஜை அறையில் அழுகிறார்.

சில நாட்களுக்கு முன் என் மகள் கிம்ச்சி போட்டு வதக்கிய சோற்றைக் கிண்ணத்தோடு எடுத்துக்கொண்டு அவர் மடியில் போய் உட்கார்ந்தாள். அவள் சாப்பிடும்போது யாருக்காவது ஊட்டாமல் சாப்பிட மாட்டாள். அவர் வாயிலும் ஒரு கை வைத்துவிட்டாள். அவர் மென்றார். கண்ணில் தண்ணீர் வந்தது. “நாக்குல என்னமோ ஏறுது சாமி,” என்று அவளிடம் சொன்னார். இன்னொரு வாய் வாங்கிக்கொண்டார். பிறகு என்னைப் பார்த்து, அந்த ஜாடியில் இருந்து தனக்கும் கொஞ்சம் வைக்கச் சொன்னார்.

“அது தீந்துபோச்சுங்க மாமா,” என்றேன்.

தீரவில்லை. போன வாரம் போட்டது கழுத்து வரை இருக்கிறது. அதற்கு மறுநாள் நான் கிம்ச்சியை வதக்கும்போது சமையலறை ஜன்னலைத் திறந்து வைத்தேன். வாசனை அவர் அறைக்குப் போகட்டும் என்றுதான் திறந்தேன். அவர் கட்டிலில் எழுந்து உட்காரும் சத்தம் கேட்டது. எனக்கு அது இனித்தது. பிறகு அடுப்பை அணைத்துவிட்டு, மகளைத் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போய்விட்டேன். ஒரு குழந்தையை வளர்க்கிறவள் இப்படி இருக்கலாமா என்று அன்றைக்கு முழுவதும் அதுவே யோசனை.

நேற்று அவர் என்னைக் கூப்பிட்டார். நான் சொன்ன பொய் அவருக்குத் தெரிந்திருக்கிறது. கோபப்படவில்லை. “நாறுதுன்னு சொன்னது நாந்தான. அவகிட்டக் கேட்டுட்டே குடு கண்ணு,” என்றார். தன் தங்கையிடம் அவர் அனுமதி கேட்டு நான் பார்த்தது அதுவே முதல் தடவை. ஆனால் கேட்டது சோற்றுக்கு. புத்தகத்தைப் பற்றி இன்னும் ஒரு வார்த்தை இல்லை.

நங்கைக்குப் போன் செய்தேன். அந்தப் பக்கம் ஏதோ வதங்கும் சத்தம். எல்லாவற்றையும் சொன்னேன்.

“நல்லா மெலிஞ்சிட்டாராக்கும்?” என்றார்.

“ஆமாங்க.”

கரண்டியைச் சட்டி விளிம்பில் தட்டும் சத்தம் வந்தது. “நாஞ் சொன்னது சொன்னதுதான். அதுக்கு மேல உன்ற கை, உன்ற சட்டி. எங்கிட்டக் கேக்காத,” என்றார். பிறகு பாப்பாவுக்கு இருமல் போய்விட்டதா என்று விசாரித்தார்.

இதைப் படிக்கிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன். அவர் தங்கைக்குப் போன் போட்டு, செய்தது தப்பு என்று சொன்னால்தான் சோறு என்று நான் நிபந்தனை வைக்கலாமா? பசியோடு இருப்பவரிடம் வாங்கும் மன்னிப்பு மன்னிப்பாகுமா? சொல்லாமல் கொடுத்துவிட்டால், வீட்டில் எனக்கு அம்மாவுக்கு அடுத்தபடியாக இருந்தவருக்குக் கொடுத்த ஒரே வார்த்தையை மீறியவள் ஆகிவிடுவேன். கொடுக்காமல் விட்டு அவருக்கு ஏதாவது ஆகிவிட்டால், அந்தப் பழி நங்கைக்கா எனக்கா? மன்னித்துவிடு என்று மட்டும் தயவுசெய்து யாரும் எழுத வேண்டாம். கூழானது என் புத்தகமாக இருந்தால் எப்போதோ மன்னித்திருப்பேன். மன்னிக்க வேண்டியவர் வேறொருவராக இருந்து, பரிமாற வேண்டியவள் மட்டும் நானாக இருந்தால் என்ன செய்ய வேண்டும்? இப்படி ஓர் இடத்தில் நின்றவர்கள் இருந்தால், நீங்கள் என்ன செய்தீர்கள் என்று எனக்குச் சொல்லுங்கள்.