பச்சைத் தண்ணீரும் என் சந்தேகப் பட்டியலும்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் ஒரு முட்டாள். வாராவாரம் இந்தப் பக்கத்தைப் படிப்பவர்களுக்கு இது செய்தியே அல்ல. இந்த வாரம் ஆதாரத்தோடு சொல்கிறேன், அவ்வளவுதான்.

மஸ்கெலியா டேம் கரையில் என் வீடு. போன மாதம் வீட்டுக்கு முன்னால் தண்ணீர் பச்சையாகத் திரண்டது. பெயின்ட் கொட்டியது போல... கூடவே ஒரு நாற்றம். என் வீட்டடியில் இறங்கிக் குளிக்கிற பக்கத்து வீட்டு மூர்த்தியின் மகளுக்கு உடம்பெல்லாம் அரிப்பு.

யார் வேலை இது?

எதிர்க்கரை கெஸ்ட் ஹவுஸ்காரர் கக்கூஸ் குழியைத் திறந்துவிடுகிறாரோ? மூர்த்தியே கரையில் வைத்துத்தானே ஆட்டோ கழுவுகிறார்! மகளின் அரிப்பை முன்னால் நிறுத்தி நாடகம் ஆடுகிறாரோ?

கெஸ்ட் ஹவுஸ் கழிவுக் குழாயைப் படமெடுத்துவிட வேண்டும் என்று எதிர்க்கரைக்குக் கிளம்பினேன். யார் ஆட்டோவில்? மூர்த்தியின் ஆட்டோவில்தான். வழியெல்லாம் அவர் பின்னந்தலையை முறைத்துக்கொண்டே போனேன்.

"என்னாங்க சேர், அப்புடிப் பாக்குறீங்க?"

"ஆட்டோவுக்கு நெறைய சோப்பு போடுவீங்களோ?"

"புள்ளைக்கு அரிப்பு வந்ததுலருந்து ரோட்டுலதாங்க கழுவுறேன். அவளும் லயத்துல ஊத்துத்தண்ணி கொட்டுற பீலிக்குத்தான் குளிக்கப் போறா. அம்புட்டு தூரம்!"

கெஸ்ட் ஹவுஸ் பக்கம் தண்ணீர் தெளிவாக இருந்தது. என்ன ஏமாற்றம்! போனைத் திருப்பி எங்கள் கரையைப் பெரிதாக்கிப் பார்த்தேன்.

வரிசையாக வீடுகள். வீட்டுக்கும் தண்ணீருக்கும் நடுவில், தேயிலைத் தோட்டத்தில் மண் கரையாமலிருக்க நடுகிற அதே மானாப்புல், ஆளுயரத்துக்கு. ஒரே ஒரு வீட்டுக்கு முன்னால் மட்டும் மொட்டைக் கரை. பச்சை அந்த மொட்டைக்கு நேரே.

"யார் வீடு அது?" என்று சீறினேன்.

மூர்த்தி போன் திரையில் அந்த வீட்டுக் கொடியைத் தொட்டுக் காட்டினார். கொடியில் என் சட்டை ஆடிக்கொண்டிருந்தது.

டேம் நன்றாகத் தெரியட்டும் என்று மானாவை வெட்டியது நான். முற்றத்துப் புல் பசேலென்று வரட்டும் என்று மழைக்கு முன்னால் யூரியாவை அள்ளி வீசியதும் நான். தடுக்க ஆளில்லாத சரிவில் மழை எல்லாவற்றையும் வழித்துக்கொண்டு போய்த் தண்ணீரிலுள்ள பாசிக்கு ஊட்டியது. பசேலென்று ஆனது தண்ணீர்தான்!

கரையில் வீடு கட்டிய நாம் அடுத்தவர் குழாயைத்தான் மோப்பம் பிடிக்கிறோம். நம் முற்றத்துச் சரிவை யார் பார்ப்பது?

திரும்பி வரும்போது குரலைத் தாழ்த்திக்கொண்டேன்.

"நாளைக்கே மானா நட்டுடுறேன் மூர்த்தி. யூரியாவையும் விட்டாச்சு. புல் வளந்ததும் மகள் பழையபடி நம்ம கரையிலேயே குளிக்கலாம்ல?"

"மொதல்ல நீங்க குளிச்சுக் காட்டுங்க சேர்."