தென்கால் குளத்தில் ஜிலேபி மீனை விட்டவர்

செய்தி வந்தபோது நான் விலங்கியல் செய்முறைத் தேர்வு நடத்திக்கொண்டிருந்தேன். கல்லூரி அலுவலகத்தில் தொலைபேசியை எடுத்த உதவியாளர் மாடியேறி வந்து, "டீச்சர், ஒங்களப் பாக்க வருவாருல்லா மீன்காரரு, அவரு நேத்து சாயங்காலம் தவறிட்டாராம்" என்றார். மாணவிகளுக்கு மதிப்பெண் போட்டு முடித்துவிட்டு ஸ்ரீவைகுண்டத்துக்குப் பஸ் பிடித்தேன். நான் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

எங்கள் அலுவலகம் மீன்காரர் என்று சொன்ன இசக்கிமுத்து, மீன் விற்றவர் அல்ல. மீன்துறையில் களப்பணியாளராகச் சேர்ந்து, அதே பதவியில் ஓய்வு பெற்றவர். இதைப் படிக்கும் உங்களில் பலர் அவருடன் வேலை பார்த்தவர்கள். இந்த நினைவு மலருக்கு ஒரு பக்கம் கேட்டு வந்த அவர் மகன் முருகன், கூடவே ஒரு வேண்டுகோளும் வைத்தார்.

"குளத்துல மீன் வளத்தவருன்னு நல்லவிதமா எழுதுங்க மேடம். அந்தக் கூட்டத்துல நடந்தது மட்டும் வேண்டாம். செத்தவரப் போயி எதுக்கு..."

அந்தக் கூட்டத்தை விட்டுவிட்டால் அவரைப் பற்றி எழுத என்னிடம் அதிகம் இல்லை.

கூட்டம் பாளையங்கோட்டையில் நடந்தது. தாமிரபரணிப் பாசனக் குளங்களின் மீன்களைப் பற்றிப் பேச என்னை அழைத்திருந்தார்கள். ஆப்பிரிக்காவிலிருந்து நம் நாட்டுக்கு வந்த ஜிலேபி மீன் பெருகிய குளங்களில் நம் நாட்டு மீன்களான அயிரையும் குறவையும் அருகிவிட்டதைச் சொல்லி, யாரோ யோசனை இல்லாமல் கொண்டுவந்து விட்ட மீன் அது என்றேன். கடைசி வரிசையில் துணிப்பையோடு ஒரு பெரியவர் எழுந்தார்.

"டீச்சர், ஸ்ரீவைகுண்டம் தென்கால் வாய்க்காலு கடைசிக் குளத்துல விட்டது நாந்தான்."

அரங்கம் சிரித்தது. "உக்காரும்வே அண்ணாச்சி, மீனுக்கு அப்பன் யாருன்னா இங்கன கேக்காவ?" என்று பக்கத்தில் இருந்தவர் வேட்டியைப் பிடித்து இழுத்தார். அவர் உட்காரவில்லை.

"ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷன்ல, துறையில குடுத்த குஞ்சுப் பானையோட எறங்கி, மாட்டுவண்டியில கொண்டு போனேன். குஞ்சுக்கு மூச்சு முட்டிரக்கூடாதுன்னு வழி பூரா கையால தண்ணிய அலம்பிக்கிட்டே போனேன். ஒண்ணுகூடச் சாகல."

கடைசி வாக்கியத்தில் பெருமை இருந்தது. குற்றத்தை ஒப்புக்கொள்ள வந்தவரா, வேலைத்திறனைச் சொல்ல வந்தவரா என்று அன்று எனக்கு விளங்கவில்லை. இரண்டுக்கும்தான் வந்திருந்தார் என்பது அடுத்த கோடையில் புரிந்தது.

அந்தக் கோடையில் குளம் வற்றி, ஊரே இறங்கி மீன் பிடித்த நாளில் என்னை அங்கே அழைத்துப் போனார். தண்ணீர் வடிந்த சேற்றில் தட்டுத் தட்டாக வட்டக் குழிகள் தெரிந்தன. ஆண் ஜிலேபி வாயால் தோண்டிய கூடுகள் அவை. அங்கே இடும் முட்டைகளைப் பெண் மீன் வாயில் எடுத்து வைத்துப் பொரிக்கும். பொரித்த குஞ்சுகளையும் ஆபத்து வந்தால் வாய்க்குள் வாங்கிக்கொள்ளும். அயிரைக்கு அப்படியொரு காவல் இல்லை. இதையெல்லாம் படிப்பில்லாமலே அவர் பார்த்து வைத்திருந்தார்.

கரையில் கூடைகளோடு உட்கார்ந்திருந்த மீன் வியாபாரி பேச்சியம்மாள் அவரைக் கண்டதும் குரல் கொடுத்தார்.

"வாங்க ஜிலேபி அண்ணாச்சி! ஒங்க பிள்ளைய பூரா இங்கன கூடையிலதான் கெடக்கு."

"பிள்ளைய கொழுகொழுன்னுதான் இருக்கு. அயிரை ஏதும் கெடச்சுதா தாயி?"

"அயிரைய நெனச்சுக்கிட்டு இருந்தா ஒல கொதிக்குமா? இந்த மீனு இல்லன்னா எங்க வீட்டுல கஞ்சிக்குத் தொட்டுக்கிட வெஞ்சனம் ஏது?"

அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சேற்றில் இறங்கினார். தோளில் கிடந்த துண்டை விரித்து, தேங்கிய தண்ணீரைக் குழி குழியாக அள்ளி அலசினார். வெயில் உச்சிக்கு வரும்வரை அலசினார். ஓர் அயிரைகூட வரவில்லை.

திரும்பும்போது பஸ்ஸில், பழியிலிருந்து தப்ப அவருக்கு ஒரு வழி காட்டிப் பார்த்தேன். நெல்லுக்கும் வாழைக்கும் அடிக்கும் மருந்து குளத்தில்தான் வந்து சேருகிறது, ஆற்றில் மணல் போகிறது, உங்கள் மீன் மட்டுமே காரணம் என்று என்னால் நிறுவ முடியாது என்றேன். பொய் சொல்லவில்லை. எனக்கு உண்மையிலேயே அந்தச் சந்தேகம் இருந்தது, இன்றும் இருக்கிறது.

"மருந்தடிச்சவன் அவன் பங்கச் சொல்லட்டும். மண்ணு அள்ளுதவன் அவன் பங்கச் சொல்லட்டும். நான் என் பங்கத்தான சொல்லுதேன்" என்றார். பிடிவாதக்காரர் என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு அந்தக் குளத்தைப் பற்றிக் கல்லூரி ஆண்டு மலரில் எழுதினேன். அவர் பெயரைக் குறிப்பிடவில்லை. எப்படியோ ஒரு பிரதியைத் தேடிப் பிடித்து, அதை எடுத்துக்கொண்டு கல்லூரியில் எங்கள் துறைக்கே வந்துவிட்டார்.

"என் பேரு எங்க டீச்சர்?"

"உங்களுக்குச் சங்கடமா இருக்குமேன்னு விட்டுட்டேன்."

"சங்கடம் எனக்கா, ஒங்களுக்கா?"

கேட்டுவிட்டுக் குரலைத் தணித்துக்கொண்டார். "எந்தக் குளத்துல யாரு விட்டதுன்னு சொல்ல என்னைய விட்டா இப்ப ஆளு கெடையாது. நீங்களும் எழுதாம விட்டியன்னா, நாளைக்கு ஒருத்தன் இந்த மீனு ஆதியிலேருந்தே இங்கன கெடந்துச்சுன்னு எழுதிப்புடுவான். பெறவு அயிரை இருந்ததையே ஒருத்தனும் நம்ப மாட்டான்."

அடுத்த கட்டுரையில் எழுதுவதாகச் சொன்னேன். அடுத்த கட்டுரையிலும் எழுதவில்லை. இரண்டு முறை நினைவூட்டினார். பிறகு கேட்பதை விட்டுவிட்டார். வந்தால் மழையைப் பற்றிப் பேசிவிட்டுப் போவார்.

இந்தப் பக்கத்தின் முதல் படியை முருகனிடம் கொடுத்து, வீட்டில் வாசிக்கச் சொன்னேன். வேண்டாம் என்று பட்டால் மலரில் சேர்க்காமல் விடலாம், மாற்றி எழுதித் தர என்னால் ஆகாது என்றும் சொன்னேன். முகம் வாடி வாங்கிக்கொண்டு போனவர் மூன்றாம் நாள் வந்தார். நாற்காலியைக் காட்டியும் உட்காரவில்லை.

"அம்மாட்ட வாசிச்சுக் காட்டுனேன் மேடம். ஒண்ணு மட்டும் தப்பா இருக்காம்."

"எது?"

"அப்பா தனியாப் போகலயாம். கல்யாணம் ஆன புதுசாம். வண்டியில அம்மாவும் இருந்திருக்கா. அப்பாவுக்குக் கை ஓஞ்சப்பல்லாம் அம்மாதான் தண்ணிய அலம்பியிருக்கா. தன் பேரையும் சேத்துப் போடணும்னு சொல்லுதா."

"உங்களுக்குச் சம்மதம்தானா?"

"அம்மாவே சொன்ன பெறவு நான் என்னத்தச் சொல்ல?" என்றார். தாளை என் மேசையில் வைத்துவிட்டு, அம்மாவின் பெயரில் பிழை வந்துவிடக் கூடாதே என்று ஓரத்தில் தானே எழுதிக் காட்டினார்.

ஆகவே எழுதிவைக்கிறேன். தென்கால் கடைசிக் குளத்துக்கு ஜிலேபி மீனைக் கொண்டுவந்தவர்கள் இசக்கிமுத்துவும் அவர் மனைவி சண்முகத்தாயும். பல வீடுகளில் கஞ்சிக்கு வெஞ்சனமாக இருப்பது அந்த மீன். அங்கே அயிரை இல்லாமல் போனதற்கு அதுவும் ஒரு காரணம். எவ்வளவு காரணம் என்பது எனக்குத் தெரியாது. தான் செய்ததைக் கூட்டாமல் குறைக்காமல், கேட்பவர்கள் சிரித்தாலும் எழுந்து நின்று சொல்வது இசக்கிமுத்துவின் பழக்கம். அதைத்தான் அவரிடமிருந்து எனக்கென்று எடுத்து வைத்துக்கொள்கிறேன். இந்த ஒரு பக்கத்தை அவர் இருந்தபோதே எழுதியிருக்கலாம். நான் எழுதவில்லை.