ரெஜிபோம் ரயிலின் ஐந்தாவது யன்னல்

நான் படிப்பித்த கம்ப்யூட்டர் வகுப்பில் ஒரு புரொஜெக்டர் இருந்தது. ஞாயிறுகளில் அது சும்மா கிடக்கும். கொழும்பு கொட்டாஞ்சேனையில் சின்னப் பிள்ளைகளுக்கு நாடகம் பழக்கும் என் சிநேகிதி, "மேடையில ஒரு ரயில் ஓட வேணும், செய்து தருவியா?" என்று கேட்டபோது யோசிக்காமல் ஓம் என்றுவிட்டேன். எனக்கு எப்போதும் வாய்தான் முந்தும்.

வெள்ளவத்தையில் நாங்கள் வாடகைக்கு இருந்த அனெக்ஸின் முன்னறையில் ரயில் உருவானது. பாரமில்லாத வெள்ளை ரெஜிபோம் அட்டையில் நாலு பெட்டிகள் வெட்டி, அடியில் சின்னச் சில்லுகள் பூட்டி, நூல் கட்டினோம். பெட்டிகளில் எதையும் வரையவில்லை. யன்னல்கள், எட்டிப் பார்க்கும் முகங்கள், வேகமாகச் சுழலும் பெரிய சில்லுகள் எல்லாமே வீடியோவிலிருந்து விழும் வெளிச்சம். ரயில் உண்மையில் ஊர்ந்துதான் போகும். கண்ணாடிகளில் தென்னைகள் பின்னால் ஓடுவதால் பறப்பதுபோல் இருக்கும். அந்தத் தென்னைகளைக் கம்ப்யூட்டரில் வரைந்தேன். யுத்தம் நடந்த அந்த நாட்களில் வீதியில் கமராவைத் தூக்க யாருக்குத் துணிவு?

அண்ணன் நூலை இழுப்பார். நான் சுழல் கதிரையில் புரொஜெக்டரை வைத்து அதே வேகத்தில் திருப்புவேன். கொஞ்சம் பிந்தினால் முகங்கள் கடைசிப் பெட்டியை விட்டு வழுக்கிச் சுவரில் நிற்கும். முந்தினால் பயணிகள் எஞ்சினுக்கு முன்னால் ஓடுவார்கள். அதனால் அண்ணன் உரத்து எண்ணிக்கொண்டே இழுப்பார். இருபது என்றதும் ரயில் மறு பக்கம் சேர்ந்திருக்க வேண்டும். முதல் தடவை எல்லாம் பொருந்தியபோது அம்மா அகப்பையோடு குசினியிலிருந்து வந்து நின்று பார்த்தார்.

"இது காலிக்குப் போறதோ, மாத்தறைக்கோ?" என்றார். வெள்ளவத்தையால் போகும் ரயில்கள் அந்த ஊர்களுக்குத்தான்.

பயணிகள் எட்டுப் பேர். ஏழு பேர் எங்கள் வீட்டுக்குப் போகும் ஒழுங்கையிலிருந்த லொட்ஜில் விசாவுக்குக் காத்திருந்த யாழ்ப்பாணத்துப் பெடியன்கள். கமரா என்றதும் பின்வாங்கினார்கள். ஒருவர் பெயரும் எங்கேயும் எழுதமாட்டேன் என்று சத்தியம் பண்ணித்தான் இருத்தினேன். கொப்பியில் பெயருக்குப் பதிலாக ஒன்று, இரண்டு என்று இலக்கம் போட்டேன். சிரிக்காமல் நேரே பாருங்கள் என்றேன். ஏழு பேரும் அப்படியே பார்த்தார்கள். ஐந்தாவது யன்னலில் இருந்த அண்ணன் மட்டும் சிரித்துத் தொலைத்தார்.

ஒரு சனிக்கிழமைப் பின்னேரம் ஒழுங்கை முழுக்கச் சோதனை. வீட்டுக்குள் வந்த பொலிசார் கமராவில் இருந்த வீடியோ ரேப்பை ஓடவிட்டுப் பார்த்தார்கள். வரிசையாகத் தமிழ் இளைஞர்களின் முகங்கள். பக்கத்தில் பெயரில்லாத கொப்பி, இலக்கம் மட்டும். பார்த்தால் இயக்கத்தின் ஆள்பட்டியல் என்றுதான் தோன்றும். பெயர் எழுதினால் ஆபத்து என்று நான் செய்த கெட்டித்தனம், பெயர் எழுதியிருந்தால் வந்திருக்காத ஆபத்தைக் கொண்டுவந்தது. எடுத்தது நான்தான் என்று எனக்குத் தெரிந்த சிங்களத்தில் கத்தினேன். அவர்கள் என்னைப் பார்க்கவேயில்லை. கொழும்பில் தங்கத் தமிழருக்கு வேண்டிய பொலிஸ் பதிவுத் துண்டைக் கையில் நீட்டிக்கொண்டு நின்ற அண்ணனைத்தான் ரேப்போடும் கொப்பியோடும் கூட்டிக்கொண்டு போனார்கள்.

"உன்ர விளையாட்டாலதான் என்ர பிள்ளை அங்க கிடக்குது" என்றார் அம்மா. அது நியாயம்தான்.

அந்த முகங்கள் நாடகத்துக்குத்தான் என்று ஓட்டிக் காட்ட, அடுத்த நாள் காலை புரொஜெக்டரையும் வீடியோ இருந்த கம்ப்யூட்டரையும் ரெஜிபோம் பெட்டிகளையும் ஒரு த்ரீவீலில் ஏற்றிக்கொண்டு பொலிஸ் நிலையத்துக்குப் போனேன். பொறுப்பதிகாரி முதலில் எரிந்து விழுந்தார். பிறகு என்ன நினைத்தாரோ, ஓர் அறையின் யன்னல்களை மூடச் சொல்லி, தன்னுடைய சுழல் கதிரையையே தள்ளிவிட்டார். நூலை இழுக்க ஒரு கான்ஸ்டபிள். அவர் வெடுக்கென்று இழுத்தார். முகங்கள் எல்லாம் பெட்டிகளை விட்டு இறங்கிச் சுவரில், வெறும் முகங்களாக, இலக்கம் போட்ட வரிசையில் நின்றன. என் கண்ணுக்கே அது நாடகமாகத் தெரியவில்லை. மூன்று முறை ஓட்டியும் அப்படியேதான்.

"அண்ணன் எண்ணினால்தான் சரிவரும்" என்றேன்.

கூட்டி வந்தார்கள். கசங்கிய சேர்ட். ஒரு பக்கக் கன்னம் வீங்கியிருந்தது. என்னைப் பார்க்காமல் நூலை எடுத்தார். "ஒண்டு..." என்று தொடங்கினார். அதிகாரி கையைக் காட்டி நிறுத்தினார். தனக்கு விளங்கும்படி சிங்களத்தில் எண்ணச் சொன்னார்.

"எக்க... தெக்க... துன..."

கரகரத்த குரல். ஆனால் அதே தாளம். நான் திருப்பினேன். முகங்கள் ஒவ்வொன்றாக யன்னல்களில் போய் அமர்ந்தன, சில்லுகள் சுழன்றன, தென்னைகள் ஓடின. ஐந்தாவது யன்னலில் அண்ணன் சிரித்துக்கொண்டு போனார். நூலைப் பிடித்திருந்த அண்ணனும் அதைப் பார்த்தார். அந்த நேரத்தில் எனக்கு வந்த வெட்கம் இன்றுவரை போகவில்லை.

"ஆயித், நங்கி, ஆயித்" என்றார் அதிகாரி. திரும்பவும் காட்டு தங்கச்சி என்று. மற்ற அறைகளில் இருந்தவர்களையும் கூப்பிட்டார். ஆறு தடவை ஓட்டினோம். ஆறு தடவையும் கைதட்டினார்கள். மத்தியானம் அண்ணனை விட்டார்கள். ரேப்பையும் தந்தார்கள். கொப்பியைத் தரவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அண்ணன் உள்ளே போகவில்லை. வாசலில் நின்று, "என்ர முகத்தை அதில இருந்து எடுத்துவிடு" என்றார். அன்றே ஐந்தாவது யன்னலைக் கறுப்பாக்கினேன். லொட்ஜில் இருந்த ஏழு பேரும் அதற்குள் வேறு வேறு இடங்களுக்கு மாறிப் போயிருந்தார்கள்.

நாடகம் ஒரு மாதம் கழித்துக் கொட்டாஞ்சேனையில் நடந்தது.

"நூல் இழுக்க வருவீங்களோ, அண்ணா?" என்று பயந்து பயந்துதான் கேட்டேன்.

"வாறன்" என்றார்.

மண்டபம் நிறையத் தமிழ்ப் பிள்ளைகள், தாய்மார். விளக்குகளை அணைத்தார்கள். திரைக்குப் பக்கத்தில் அண்ணன் நூலை எடுத்து எண்ணத் தொடங்கினார்.

"எக்க... தெக்க... துன..."

என் கை ஒரு கணம் நின்றுவிட்டது. முகங்கள் யன்னலை விட்டு வழுக்கின. ஓடிப் பிடித்துக்கொண்டேன். முன்வரிசைப் பிள்ளைகள் எழும்பி நின்று கைதட்டினார்கள். தட்டல் கேட்டதும் அண்ணனின் தோள் ஒடுங்கியது. ஆனால் எண்ணுவதை நிறுத்தவில்லை. கறுத்த யன்னலோடு ரயில் மறு பக்கம் போய்ச் சேர்ந்தது.

நூலைச் சுற்றிக்கொண்டே வந்தார்.

"சரியா எண்ணினனானோ?" என்று கேட்டார். தான் சிங்களத்தில் எண்ணியது அவருக்குத் தெரியவில்லை.

"ஓம் அண்ணா" என்றேன்.