நர்சம்மா பையில் என்ன குறைகிறது?

பிரசவம் பார்க்கும் நர்ஸ் வேலையில் குழந்தையை எடுப்பதைவிடப் பெரிய கஷ்டம், அதை எடுக்கத் தேவையானதையெல்லாம் மறக்காமல் எடுத்துக்கொண்டு போய்ச் சேருவதுதான்.

அறுபதுகளின் நடுவில் கும்மிடிப்பூண்டிப் பக்கம் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். கையில் ஒரு கறுப்புத் தோல் பை கொடுத்தார்கள். கத்தரிக்கோல், தொப்புள்கொடி கட்டும் நூல், பஞ்சு, டெட்டால், சோப்பு, ஊசி, மருந்து, குழந்தையை நிறுக்கும் தராசு, தண்ணீர் கொதிக்கவைக்க ஸ்பிரிட் அடுப்பு எல்லாம் அதற்குள். பஸ், சைக்கிள் கேரியர், மாட்டுவண்டி, படகு என்று எது கிடைத்ததோ அதில் அந்தப் பையோடு போனேன். வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை வந்து, "பூட்டினோமா?" என்று திரும்பி ஓடுகிறவரா நீங்கள்? அப்படியானால் என் கதை உங்களுக்குப் புரியும்.

ஆந்திராவுக்குப் போன பை

கவரைப்பேட்டையிலிருந்து மேற்கே ஒரு கிராமத்துக்குப் பஸ்ஸில் போனேன். நல்ல கூட்டம். கண்டக்டர் என் கையிலிருந்த பையை வாங்கி, "இங்க இருக்கட்டும்மா" என்று டிரைவர் சீட்டுக்குப் பின்னால் வைத்தார். என் ஊர் வந்ததும் நெரிசலில் பிதுங்கி இறங்கினேன். பஸ் கிளம்பி அதன் புழுதி அடங்கிய பிறகுதான் என் இரண்டு கையும் காலியாக இருப்பது தெரிந்தது. அந்த பஸ் போய் நிற்கிற இடம் ஆந்திர எல்லைக்குள் இருக்கும் சத்தியவேடு.

கர்ப்பிணியின் மைத்துனர் என்னை அழைத்துப்போக சைக்கிளோடு நின்றிருந்தார். "என்னை விடுங்க, பஸ்ஸைப் பிடிங்க!" என்று கத்தினேன். அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பறந்தார். நான் வீட்டுக்கு ஓடினேன். அங்கே வலி முற்றியிருந்தது. பெட்டிக்கடையிலிருந்து பிரிக்காத பிளேடும் வெள்ளை நூல்கண்டும் வாங்கிவரச் சொல்லி, கொதிக்கும் தண்ணீரில் போட்டேன். துணி சோப்பால் முழங்கை வரை தேய்த்துக் கழுவினேன். ரத்தப்போக்கு நிற்காவிட்டால் போடவேண்டிய ஊசி அந்தப் பையில்தான் இருக்கிறது என்ற நினைப்பு ஒரு நிமிஷம்கூட என்னை விடவில்லை. நல்லவேளை, அது தேவைப்படவில்லை. ஆண் குழந்தை பிறந்து, வீறிட்டு அழுது, பால் குடித்துத் தூங்கியும்விட்டது.

உச்சி வெயிலில் மைத்துனர் பையோடு வந்து சேர்ந்தார். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. குழந்தையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பையைத் தொப்பென்று கீழே வைத்தார். "ஏம்மா, பை இல்லாமலே கொயந்த வந்துக்கும்னா, என்ன இன்னாத்துக்கு சத்தியவேடு வரிக்கும் வெரட்டுன?"

கத்தரிக்கோல்

அதன்பிறகு பை என் மடியைவிட்டு இறங்கியதில்லை. பைப் பிடியில் ஒரு நாடாவைக் கட்டி, மறுமுனையை மணிக்கட்டில் சுற்றிக்கொள்வேன். பஸ்ஸில் பார்க்கிறவர்கள் திருடியைப் பிடித்துக்கொண்டு போகிறார்கள் என்று நினைத்திருக்கலாம். பை தொலையாமல் இருக்க வழி கண்டுபிடித்தாயிற்று. பைக்குள் இருப்பது தொலையும் என்று அப்போது தோன்றவில்லை.

ஒருநாள் பிரசவம் முடித்துவிட்டு நிலையத்துக்குத் திரும்பி, சாமான்களைக் கழுவி வைக்கும்போது கத்தரிக்கோலைக் காணோம். அரசாங்கச் சொத்து என்பது ஒரு பயம். நாளைக்கே இன்னொரு வீட்டில் அது வேண்டும் என்பது அதைவிடப் பெரிய பயம். போன வழியே மூன்று மைல் திரும்பி நடந்தேன். வழியெல்லாம் தரையையே பார்த்துக்கொண்டு நடந்ததில் எதிரே வந்த எருமைமேல் முட்டப் பார்த்தேன்.

கத்தரிக்கோல் பத்திரமாக இருந்தது, பச்சைக் குழந்தையின் தலைமாட்டில், துணிக்கு அடியில். பிறந்த குழந்தை பக்கத்தில் இரும்பு இருந்தால் காற்று கறுப்பு அண்டாது என்று குழந்தையின் பெரியம்மா எடுத்து வைத்திருக்கிறாள். ராசியான கத்தரிக்கோலாம், தரமாட்டாளாம். நான் கெஞ்சினேன். மூலையில் சாத்தியிருந்த கதிர் அறுக்கும் அரிவாளைக் காட்டி, "இதுவும் இரும்புதானேம்மா, இதை வெச்சுக்கோ" என்றேன். அவள் திடுக்கிட்டுப் பார்த்தாள். "அருவாள தலமாட்டுல வெச்சி வளத்தா புள்ள ரௌடியா பூடாதா, நர்சம்மா?"

ஒரே மாதிரி இரண்டு டப்பா

கத்தரிக்கோலுக்குப் பிறகு பை மூடியின் உட்புறம் ஒரு பட்டியல் ஒட்டினேன். எடுக்கும்போது ஒரு தடவை, திரும்ப வைக்கும்போது ஒரு தடவை, விரலால் தொட்டுத் தொட்டு எண்ணுவேன். நிலையத்தில் எங்கள் ஆயா, "ஜெபமாலை ஆயிட்சா, போலாமா?" என்று கேலி செய்வாள். ஆனால் டப்பாக்களை எண்ணுகிறவளுக்கு டப்பாவைத் திறந்து பார்க்கவேண்டும் என்று தோன்றவில்லை.

எழுபதுகளில், கும்மிடிப்பூண்டியில் கம்பெனிகள் கட்ட நிலத்தைச் சமப்படுத்திக்கொண்டிருந்தார்கள். நெல்லூர்ப் பக்கத்திலிருந்து வந்த கூலியாட்கள் குடிசை போட்டுத் தங்கியிருந்தார்கள். அங்கே ஒரு காலைப் பிரசவம். பதற்றத்தில் வீட்டைவிட்டு ஓடிவந்தேன். ஊசி சிரிஞ்சு வைக்கும் அலுமினிய டப்பாவைத் திறந்தால், உள்ளே எலுமிச்சம்பழச் சாதம், ஓரத்தில் உருளைக்கிழங்கு. சிரிஞ்சு டப்பா என் மகளோடு பள்ளிக்கூடத்துக்குப் போயிருக்கிறது! நான் சாதத்தையே வெறித்துக்கொண்டு நின்றேன். கூட வந்திருந்த ஆயா நிலையத்துக்கு ஓடி வேறு சிரிஞ்சு கொண்டுவந்ததால் தப்பித்தேன். அதுவரை, வலியில் முனகிக்கொண்டிருந்த பெண்ணின் மாமியார் மட்டும் டப்பாவை எட்டிப்பார்த்துவிட்டு என்னை அன்பாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். "மன்ச்சி ஆளும்மா நீ, ரொம்ப நல்ல ஆளு, இங்க இன்னும் அடுப்பே பத்த வெக்கிலன்னு தெரிஞ்சிதான் சோறு கொண்டாந்தியா?"

இரண்டு எல்லம்மா



பழவேற்காட்டிலிருந்து ஏரியில் படகில் போனால் ஒரு மீனவக் குப்பம். புதன்கிழமைதோறும் அங்கே போய்க் கர்ப்பிணிகளைப் பார்ப்பேன். ஒருநாள் பத்துப் பன்னிரண்டு பேரிடம் சிறுநீர் வாங்கி, சின்னச் சின்னப் பாட்டிலில் பேர் எழுதி ஒட்டிக்கொண்டு வந்தேன். மறுநாள் காலை நிலையத்தில் ஒவ்வொன்றாகச் சோதனைக் குழாயில் ஊற்றிக் காய்ச்சிப் பார்த்தேன். ஒன்று மட்டும் பால் திரிந்த மாதிரி வெள்ளையாகத் திரண்டு நின்றது. அப்படியானால் கர்ப்பிணிக்கு ஆபத்து. கவனிக்காமல் விட்டால் வலிப்பு வரும், தாயும் பிள்ளையும் போய்விடக்கூடும். பாட்டிலில் "எல்லம்மா" என்று எழுதியிருந்தது. உடனே சீட்டு எழுதி, மீன் வாங்கப் படகில் போகும் வியாபாரியிடம் கொடுத்தனுப்பினேன்: எல்லம்மாவைப் பொன்னேரி ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகவும், தாமதிக்க வேண்டாம்.

மறுநாள் பொன்னேரி டாக்டர் சொல்லியனுப்பினார். எல்லம்மா வந்தாளாம், சோதித்துப் பார்த்தாராம், அவளுக்கு ஒன்றுமே இல்லையாம், திருப்பி அனுப்பிவிட்டாராம். நோட்டுப் புத்தகத்தைப் புரட்டினேன். எல்லம்மா, ஏழு மாதம். நாலு வரி தள்ளி இன்னொரு எல்லம்மா, எட்டு மாதம். இரண்டு பேருக்கும் கால் லேசாக வீங்கித்தான் இருந்தது. இரண்டு பாட்டிலிலும் வெறும் "எல்லம்மா" என்றுதான் எழுதியிருந்தேன்.

எப்படி பஸ் ஏறினேன், எப்படிப் படகில் உட்கார்ந்தேன் என்று நினைவில்லை. குப்பத்தில் அந்த எட்டு மாத எல்லம்மா வலை காயும் நிழலில் படுத்திருந்தாள். முகம் ஊதி, கண் இடுங்கியிருந்தது. "தல வெடிக்கிறா மாரி இருக்கு நர்சம்மா. கண்ணு இருட்டிக்கினு வருது" என்றாள். அவள் புருஷனும் அவன் தம்பியும் அவளைத் தூக்கிப் படகில் கிடத்தினார்கள். எதிர்க்காற்று. இருவரும் மாறி மாறிக் கழி ஊன்றினார்கள். நான் அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டு, வலிப்பு வந்தால் நாக்கைக் கடித்துக்கொள்ளாமல் இருக்கத் துணி சுற்றிய கரண்டியைக் கையில் பிடித்தபடி இருந்தேன். பையில் எல்லாம் இருந்தது, ஒன்று குறையவில்லை. அவற்றில் எதுவும் அவளுக்கு உதவாது. "எவ்ளோ நேரம் ஆகும்?" என்று அவள் கேட்கும்போதெல்லாம் "இதோ வந்துட்டோம்" என்றேன். கரை கண்ணுக்கே தெரியவில்லை.

கரையிலிருந்து ஐஸ் ஏற்றும் லாரியில் பொன்னேரி போய்ச் சேர்ந்தோம். பல நாள் படுக்கையில் வைத்திருந்தார்கள். குழந்தை முன்னதாகவே பிறந்தது, உள்ளங்கையில் அடங்குகிற பெண் குழந்தை. பஞ்சில் சுற்றி வைத்துப் பிழைக்கவைத்தார்கள். தாயும் பிழைத்தாள்.

அடுத்த புதன்கிழமை குப்பத்துக்குப் போகக் கால் கூசியது. ஆஸ்பத்திரிக்கு வீணாகப் போய்வந்த ஏழு மாத எல்லம்மாதான் முதலில் வந்து எதிரே உட்கார்ந்தாள். "என்னை மன்னிச்சிடும்மா, தப்பு என்னுது" என்றேன். "நீ எய்தின சீட்டால எங்கூட்டுக்காரரு ரெண்டு நாளு சோறே துன்னல, தெரியுமா?" என்றாள். நான் தலையைக் குனிந்துகொண்டு புது நோட்டைத் திறந்து, இனிமேல் வீட்டுக்காரர் பேரையும் சேர்த்து எழுதப்போகிறேன், உன் வீட்டுக்காரர் பேர் என்ன என்று கேட்டேன். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். கோபம் போய்ச் சிரிப்பு வந்துவிட்டது. "அவரு பேர நான் எப்டி சொல்றது? படகு பச்ச, மூக்குல மஞ்சப் பட்ட, அத்த எய்திக்கோ."

நான் வேலையில் இருந்த காலமெல்லாம் மேலதிகாரிகள் என்னை ரொம்ப ஒழுங்கானவள் என்றே எழுதிவைத்தார்கள். ரொம்பப் பயந்தவள் என்று எழுதியிருந்தால் சரியாக இருந்திருக்கும்.