தொண்டிப் பொருள்: ஆப்பம்

மதுவிலக்கு வந்த புதிது. சிதறால் பக்கம் ஒரு மலைச்சரிவு ஊரில் பனங்கள் இறக்குவதாகத் துப்பு கிடைத்து, அதைப் பிடிக்க வேண்டிய அதிகாரியான நான் வேட்டி சட்டையில் தனியே ஏறிப் போனேன். கலயத்தில் சுண்ணாம்பு தடவினால் இறங்குவது அக்கானி, அதாவது பதநீர். தடவாவிட்டால் கள், கூடவே சிறை. சட்டம் அவ்வளவு தெளிவு.

ஊரில் பனையோலைச் சத்தம் மட்டுமே. முதல் வீட்டுக்காரர் ஞானமுத்து மரத்தின் மேலே இருந்தார். யாரென்றுகூடக் கேட்காமல் அவர் மனைவி என்னை உட்காரவைத்து, இலையில் ஆப்பம் வைத்தார். நான்கு தின்றேன்.

"எப்படிம்மா இவ்வளவு மெத்துன்னு இருக்கு?"

"இதென்ன கேள்வி சாரே? கள்ளு ஊத்தாம மாவு பொங்குமா?"

இறங்கி வந்த ஞானமுத்து என்னைச் சந்தையில் பார்த்திருக்கிறார்.

"ஏட்டி, வாய மூடு! இது மதுவிலக்கு ஏமான்லா!"

அந்த அம்மாளின் முகம் வெளிறியது. "ஏமானே, நாளைக்கு மகளுக்குக் கல்யாணம். ஆப்பத்துக்குன்னு ஒரு சிரட்டைதான் எடுத்தோம்." கையில் அடுத்த ஆப்பம் இருந்தது. கொஞ்சம் தயங்கி, அதையும் என் இலையில் வைத்தார். "ஆறிரும். தின்னுட்டு இவரக் கூட்டிட்டுப் போங்க."

விதிப்படி, குற்றத்துக்குச் சான்றான தொண்டிப் பொருளைக் கைப்பற்றி, முத்திரையிட்டு, நீதிமன்றத்தில் ஒப்படைக்க வேண்டும். அது என் வயிற்றில் இருந்தது. 'கள் காணப்படவில்லை' என்று எழுதினேன். எழுதிய நேரத்தில் அது உண்மையே.

பிறகு எத்தனையோ வீடுகளுக்குள் சட்டத்தோடு நுழைந்திருக்கிறேன். புருஷனைப் பிடிக்க வந்தவனுக்கு ஆப்பம் ஆறிவிடுமே என்று கவலைப்பட்டவர் அவர் ஒருவர்தான்.